நாற்பத்தோராவது கையெழுத்து

நிறஞ்சலா கட்டா மீனை வயிற்றால் வெட்டமாட்டாள். முதுகால்தான் கீறுவாள். தலையை இடது உள்ளங்கையால் பலகையோடு அழுத்திக்கொண்டு, முள்ளை ஒட்டியபடி கத்தியை வால்வரை ஒரே இழுப்பில் கொண்டுபோவாள். குடலை இரண்டு விரலால் வழித்து வாளிக்குள் போடுவாள். செவுளை முறித்தெடுத்து, முள்ளோரத்து இரத்தத்தைப் பெருவிரல் நகத்தால் சுரண்டிய பிறகுதான் உப்பு. மீனை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மாதம் ஒருமுறை அவளுக்குப் போடும் ஊசி விரல்களை நடுங்கவைக்கும். உள்ளங்கை நடுங்காது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு மூன்று முறை விரலை வெட்டிக்கொண்ட பிறகு அவளே கண்டுபிடித்தது.

மே மாதக் கடைசியில் ஒரு காலை அவள் இப்படி மீன் கீறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் குந்தியிருந்து அவளுடைய கிளினிக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளர் பராமரிப்பில் பயிற்சி எடுத்து இருபத்தாறு வருஷம் அந்த வேலை செய்தவள் நான். இப்போது சம்பளம் இல்லாமல், எங்கள் பக்கத்தில் மனநலக் கிளினிக்குக்குப் போகிற பதினொரு பேரின் கொப்பிகளைப் பார்க்கிறேன். ஊசித் தேதி தவறியதா, குளிசை முடிந்துவிட்டதா, நித்திரை வருகிறதா என்று கேட்பதுதான் வேலை.

அப்போது திருநாள் குழுவின் செயலாளர் றொட்னி ஒரு அட்டையில் தாள்களைக் கவ்விக்கொண்டு வந்தான். பெருநாள் ஒழுங்குக்கு ஒரு பதிவு, ஒரு கையெழுத்துப் போதும் அன்ரி என்றான். நான் கொப்பியை மடியில் வைத்துவிட்டு நாற்பதாவது வரியில் கையெழுத்து வைத்தேன். நிறஞ்சலா கையை முழங்கைவரை பாவாடையில் துடைத்துவிட்டு நாற்பத்தோராவது வரியில் வைத்தாள். தாளின் ஓரத்தில் மீன் செதிள் ஒன்று ஒட்டிக்கொண்டது. றொட்னி அதை ஊதிவிட்டு அடுத்த வளவுக்குப் போனான்.

தாளின் தலைப்பில் என்ன எழுதியிருந்தது என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் யாரும் தாளை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைப்பதில்லை. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இருந்த முகாமில் பழகியது அது. அரிசிப் பதிவு, தறப்பாள் பதிவு, திரும்பி வந்த பிறகு வீட்டுத்திட்டப் பதிவு, மலசலகூடப் பதிவு, புயல் பதிவு, மண்ணெண்ணெய்ப் பதிவு. வாசித்துக்கொண்டு நின்றால் ஐந்து பேர் முன்னால் புகுந்துவிடுவார்கள். பதிவில் பெயர் இல்லாதவருக்கு ஒன்றும் கிடையாது. பதிவில் பெயர் இருப்பவர் கூப்பிட்டதும் போய் நிற்கவேண்டும். எங்களுக்குத் தெரிந்த சட்டம் இந்த இரண்டும்தான்.

நிறஞ்சலாவுக்கு ஐம்பத்தொரு வயது. இளவயதில் தாழ்வுபாடு என்ற ஊரில் கலியாணம் கட்டிப் போனாள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பி வராததால் அவளுக்கு இந்த நோய், எங்கள் பேச்சில் வருத்தம், வந்தது என்று ஊர் சொல்லும். அது பிழை. அவன் உயிரோடு இருந்தபோதே அவளுக்கு இரண்டு முறை வந்தது. அவன் போன பிறகு தமையன் பஸ்ரியனின் வளவுக்குள் ஓர் ஓலைக் கொட்டிலில் வந்து இருந்தாள், இப்போது கல்வீடு. வருத்தத்தின் பெயர் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. இதை அவளுக்கு வாசித்துக் காட்டித்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பெயரை மட்டும் விடுங்கோ என்றாள். விட்டுவிட்டேன்.

பதினொரு வருஷத்துக்கு முன் எங்கள் அந்தோனியார் கோவில் கொடியேற்றத்தன்று அவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கடலில் போனவர்கள் எல்லாரும் அந்தக் கயிற்றில் தொங்குகிறார்கள், இழுத்தால் கழுத்து இறுகும் என்று கத்தினாள். கொடி பாதிமரத்தில் நின்றது. நாலு ஆம்பிளைகள் சேர்ந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கொடி நடுவில் நிற்கக்கூடாது, நின்றால் அந்த வருஷம் கடல் ஏதாவது கேட்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. ஆள் நீந்திக் கரைக்கு வந்து, பின்னேரம் கள்ளுத் தவறணையிலும் நின்றார். ஆனால் ஊருக்கு அது போதும்.

அடுத்த வருஷம் கொடியேற்றத்துக்கு முதல்நாள் பஸ்ரியனிடம் ஒரு கடிதம் வாங்கி, அவளை ஆட்டோவில் ஏற்றிப் பாலத்துக்கு அப்பால் உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் மனநல வாட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வருஷம் அவள் உண்மையிலேயே சுகமில்லாமல்தான் இருந்தாள். அதைப் பிழை சொல்லமாட்டேன். அதற்கடுத்த வருஷம் அவள் குளிசை குடித்து, ஊசி போட்டு, கருவாடு போட்டு விற்றுக்கொண்டு நல்லபடி இருந்தாள். அப்போதும் ஆட்டோ வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. கொடி கட்டுவது, சோடினை போடுவது, ஒலிபெருக்கிக்குச் சொல்வது, நிறஞ்சலாவை வாட்டில் விடுவது என்று அது பெருநாள் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

எனக்கு அருவருப்பு ஊட்டுவது அதைச் செய்த விதம். கொடுமை செய்கிறோம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. குழுத் தலைவர் தோமஸ், இரண்டு றோலர் படகு வைத்திருக்கிற சம்மாட்டியார், தானே ஆட்டோ பிடித்துக் கொடுப்பார். வழிக்கு ஒரு பிஸ்கற் பெட்டி. வாட்டில் தாதியாக இருக்கிற மிஸிமாருக்கு ஒரு பை கருவாடு, அதுவும் அவள் போட்ட கருவாடு. பெருநாள் முடிந்த மறுநாள், கோவில் வளவில் ஊருக்குச் சமைத்ததில் மிஞ்சிய சோற்றையும் புளித்த கறியையும் ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு கூட்டிவரப் போவார்கள். பெருநாள் சாப்பாடு அவளுக்கும் கிடைக்கவேண்டும் என்ற நல்லெண்ணம். அவவின் நன்மைக்குத்தான் என்று சொல்லாதவர் கிடையாது. இருபத்தாறு வருஷத்தில் நான் சீழையும் புழுவையும் கையால் வழித்திருக்கிறேன். அந்த வாளியைத் திறந்து மோந்தபோது வந்த குமட்டல் அதற்கெல்லாம் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வாட்டில் இருந்த கிழமையில் அவளுடைய தாய் செத்தார். கொடியேற்றத்துக்கு அடுத்த நாள், ஜூன் ஐந்தாம் திகதி, சேமக்காலையில் அடக்கினார்கள். பெருநாள் நேரம் பிரேதம் நெடுகக் கிடக்கக்கூடாது என்று காலையிலேயே முடித்துவிட்டார்கள். மகளைக் கூட்டிவரவேண்டாம், கொடி ஏறிய மறுநாள் ஊருக்குள் வந்து ஏதும் செய்துவிடுவாள் என்று குழு சொன்னது, பஸ்ரியன் கேட்டான். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வரும்போது, ஆட்டோவுக்குள் வைத்து பஸ்ரியனின் மனைவி கிறேஸ் அதைச் சொன்னாள். நிறஞ்சலா சோற்று வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். குழப்பம் ஒன்றும் செய்யேல்லை, நல்லா இருந்தவ என்று கிறேஸ் என்னிடம் சொன்னாள். தாய் செத்ததைக் கேட்டு அழாததை நல்ல சுகத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வருஷம் மே மாதக் கிளினிக்கில் அவள் போகமாட்டேன் என்று சொன்னாள். டொக்டர் புதியவர், இளம் ஆள். கிளினிக்கில் வேலை செய்கிற சுவேதினி பழைய பக்கங்களைப் புரட்டி ஒவ்வொரு ஜூனையும் அவருக்குக் காட்டினாள். டொக்டர் நிறஞ்சலாவோடு கால் மணித்தியாலம் கதைத்துவிட்டு, நலமாக இருக்கிறார், வாட்டில் தங்கவேண்டிய தேவை இல்லை என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அவள் அந்தப் பக்கத்தைத் தமையனுக்கும் மச்சாளுக்கும் காட்டினாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்திலும் காட்டினாள்.

எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: “ஐஞ்சாந் திகதி அம்மாவின்ர குழியில ஒரு மெழுகுதிரி கொளுத்தவேணும் அக்கா. கொடிப் பக்கம் நான் போகவும் மாட்டன்.”

புதிய டொக்டருக்குத் தமையனின் கடிதம் மட்டும் காணாது என்று குழுவுக்கு விளங்கிவிட்டது. அதனால்தான் றொட்னி தாளோடு வீடு வீடாகப் போனான். அவன் எதையும் மறைக்கவில்லை. தலைப்பு மேலேயே இருந்தது.

ஜூன் மூன்றாம் திகதி காலை நான் ஊரில் இல்லை. பாப்பாமோட்டையில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தில், படுக்கையில் கிடக்கிற ஒருவரின் முதுகுப் புண்ணைக் கழுவப் போயிருந்தேன். மத்தியானம் வந்து இறங்கினால், நிறஞ்சலாவின் பலகையில் பாதி கீறிய மீன் கிடக்கிறது, ஈ மொய்க்கிறது. கிறேஸ் வாசலில் நின்று எல்லாம் சொன்னாள்.

எட்டு மணிக்கு ஆட்டோ வந்திருக்கிறது. தோமஸ் சம்மாட்டியார் தானே வந்து, கதிரை கொடுத்தும் இருக்காமல், அன்பாகத்தான் கூப்பிட்டாராம். நிறஞ்சலா கொப்பியை எடுத்து டொக்டரின் பக்கத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் அதை வாங்கி வாசித்து, நல்ல விஷயம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாராம்.

“ஒருத்தரும் உன்னைப் பலவந்தப்படுத்தேல்லைப் பிள்ளை. ஊர்தான் கேக்குது. இஞ்ச பார், இது ஆர்ர கையெழுத்து?”

“என்ரதான்.”

“அப்ப பிறகென்ன?”

அவள் கத்தியைக் கழுவிப் பலகைக்குக் கீழே வைத்திருக்கிறாள். கோப்பை, தட்டு, சவர்க்காரம், ஒரு மாற்றுச் சட்டை, நாலையும் பையில் போட்டிருக்கிறாள். பத்து வருஷப் பழக்கம், தேடவேண்டியதில்லை. டொக்டர்தானே வேண்டாமெண்டு எழுதினவர், ஏன் போறியள் என்று கிறேஸ்கூடக் கேட்டாளாம்.

“பதிவில பேர் இருக்கு மச்சாள். கூப்பிட்டாப் போகத்தானே வேணும்.”

நான் கிறேஸிடம் நீ கையெழுத்து வைத்தாயா என்று கேட்டேன். எல்லாரும் வைத்தது என்றாள். வாசித்தாயா என்று கேட்டேன். காலால் மண்ணைக் கிளறியபடி, தான் வாசித்ததாகச் சொன்னாள். பெருநாளுக்குத் தன்னுடைய சனம் எல்லாம் வரும், பத்து நாள் பயமில்லாமல் இருக்கலாம் என்று நினைத்தாளாம். எங்கள் ஊரில் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்த ஒரே ஆள் அவள்தான் போல. குறைந்தது பொய் சொல்லவில்லை. பலகையில் கிடந்த மீனை எடுத்து உப்புப் போடச் சொல்லிவிட்டு நான் பஸ்ஸுக்குப் போனேன்.

வாட்டில் மருந்து நெடியும் மூத்திர நெடியும் கலந்து வாசலிலேயே முகத்தில் அடித்தது. கட்டில்கள் நிரம்பி, இரண்டு பேர் நிலத்தில் பாய் போட்டுக் கிடந்தார்கள். அதில் ஒருத்தி சின்னப் பெட்டை, இருபது வயது இருக்காது, சுவரைப் பார்த்தபடி முடங்கிக் கிடந்தாள். அவளுடைய தலைமாட்டில் இருந்த கட்டிலில்தான் நிறஞ்சலா, ஒரு வருத்தமும் இல்லாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நோயாளரின் உரிமைகள் என்று தலைப்புப் போட்ட பலகை ஒன்றும் அங்கே இருந்தது. அதற்கு முன்னால் யாரோ துணி அலுமாரியை நகர்த்தி வைத்திருந்தார்கள். ‘நோயாளரின் உரி’ வரைக்கும் தெரிந்தது.

டொக்டர் அன்று முசலிப் பக்கத்து வெளிக்கிளினிக்குக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் கடமைக்கு நின்றவர் அவளைச் சேர்த்திருக்கிறார். சுயவிருப்பத்தின் பேரில் என்று எழுதியிருந்தது. நான் மிஸியிடம், டொக்டரே தேவையில்லை என்று எழுதிய ஆளை எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். மிஸி சண்டைக்காரி இல்லை. களைத்துப்போன ஒரு பெண். அவள் நோயாளர் கோவையைத் திறந்து அந்தத் தாளை என் பக்கம் திருப்பினாள்.

“ஆளே கேட்டுத்தானே வந்திருக்கிறா, அம்மா. ஊரே வைச்சிருக்கு.” விரலை வரிசையாகக் கீழே இறக்கினாள். “இது உங்கட பேர்தானே? நீங்களும் வைச்சிருக்கிறியள்.”

என் கையெழுத்துத்தான். நாற்பதாவது. வடிவாக, நிதானமாக வைத்திருந்தேன்.

வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்கக்கூடாது, நோயாளியை வைக்கவிடவும் கூடாது என்று பயிற்சி வகுப்புகளில் எத்தனையோ பெட்டைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். தோமஸிலும் கிறேஸிலும் பட்ட அருவருப்பு அந்த இடத்தில் என் பக்கம் திரும்பியது. அதைப் பற்றி நெடுக எழுதுவதில் பயன் இல்லை. அந்த நேரத்தில் செய்யவேண்டிய வேலை வேறு.

நான் நிறஞ்சலாவின் கட்டிலோரம் குந்தியிருந்து, வீட்டுக்குப் போக விருப்பமா என்று கேட்டேன்.

“பேர் எழுதினாப் பிறகு எப்பிடிப் போறது?” என்றாள்.

நான் விளங்கப்படுத்தினேன். நீயாக வந்தாய் என்றுதான் இங்கே எழுதியிருக்கிறது. நீயாக வந்தவள் போகவும் கேட்கலாம். கேட்டால் டொக்டர் வந்து உன்னோடு கதைத்துத்தான் முடிவு சொல்லவேண்டும். ஊர் கதைக்க ஏலாது, நானும் உனக்காகக் கதைக்க ஏலாது. அவள் அதை மெல்ல யோசித்தாள். பிறகு அந்தத் தாளைத் தான் பார்க்கலாமா என்று கேட்டாள். மிஸி தயங்கினாள். அவளுடைய கையெழுத்து உள்ள தாளை அவளுக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். தந்தாள்.

நிறஞ்சலா ஏழாம் வகுப்புவரை படித்தவள். விரலை வைத்து, நடுங்கும் விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, சத்தமாக வாசித்தாள்: “எமது கிராமத்தின் திருநாட் காலத்தில் அமைதியைப் பேணும் பொருட்டு, மனநோயாளியான பின்வரும் பெண்ணைப் பத்து நாட்கள் வைத்தியசாலையில் தங்கவைக்குமாறு ஊர்மக்களாகிய நாம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.” அதற்குக் கீழே அவளுடைய முழுப்பெயர். அதற்குக் கீழே நூற்றறுபத்திரண்டு கையெழுத்து. நிலத்தில் முடங்கிக் கிடந்த பெட்டை தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“இவ்வளவு பேரும் எனக்குப் பயமோ?” என்று நிறஞ்சலா கேட்டாள்.

“இல்லை. இவ்வளவு பேரும் வாசிக்கேல்லை.”

“அது கூடாது என்ன?”

“கூடாதுதான்.”

பேனை கேட்டாள். மிஸி கொடுத்த தாளில், நான் சொல்லச் சொல்ல எழுத மறுத்து, தானே எழுதினாள்: எனக்குச் சுகம். அது நான் வாசிக்காமல் வைத்த கையெழுத்து. வீட்டுக்குப் போகவேண்டும். இவ்வளவுதான். டொக்டர் காலையில்தான் வருவார். எழுதிய தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நான் பின்னேர பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள், நான்காம் திகதி, எட்டரைக்கு டொக்டர் வரும்போது நான் வாட்டு வாசலில் நின்றேன். முதல்நாளே சுவேதினிக்கு ரெலிபோனில் சொல்லியிருந்தேன். அவள் கிளினிக்கில் வைத்திருக்கிற பிரதியில் மே மாதப் பக்கத்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருந்தாள். டொக்டர் நிறஞ்சலாவைக் கதிரையில் இருத்தி, ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்.

“பதிவில பேர் இருந்தது டொக்டர்.”

“இப்ப ஏன் போகக் கேக்கிறீங்கள்?”

“நேற்றுத்தான் வாசிச்சனான்.”

அவர் அவளுடைய கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். முகம் சிவந்தது. இனி இப்படி நடக்காது என்று எனக்குச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் டொக்டர்மாருக்கு இடமாற்றம் வரும், எங்கள் பெருநாளுக்கு இடமாற்றம் கிடையாது. அதனால் ஊரின் மனுவைக் கோவையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கந்தோருக்கு வந்த தாளை எறிய முடியாது என்றார். அப்படியென்றால் அவளுடைய கடிதம் அதற்கு மேலே இருக்கவேண்டும் என்றேன். மேலே வைத்து ஸ்ரேப்ளரால் அடித்தார். அலுமாரியையும் கொஞ்சம் நகர்த்தலாமே என்றேன். இரண்டு பேரைக் கூப்பிட்டு நகர்த்தினார்கள். பலகையின் அடிவரிகளைக் கறையான் தின்றிருந்தது.

நிறஞ்சலா போகும்போது தன் கட்டிலின் விரிப்பை உதறிப் போட்டுவிட்டு, நிலத்தில் கிடந்த பெட்டையை எழுப்பி அதில் படுக்கவைத்தாள். பிஸ்கற் பெட்டியையும் கொடுத்தாள்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி. ஐந்து மணிக்குக் கொடி. கொடிப் பக்கம் போகமாட்டேன் என்று சொன்னவள், முகம் கழுவிவிட்டு, வெள்ளை வலைத்துணி முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

“இவ்வளவு பேரும் கையெழுத்து வைச்ச கொடி, நான் பாக்கவேண்டாமோ?”

பொம்பிளைகளுக்குள் கடைசி வரிசையில் நின்றோம். எல்லாத் தலையிலும் முக்காடு, யார் யாரென்று யாருக்கும் தெரியாது. சோளகம் மண்ணை வாரி அடித்தது. கொடி ஒரு தடங்கலும் இல்லாமல் உச்சிக்கு ஏறியது. சம்மாட்டியார் ஒலிபெருக்கியைப் பிடித்து, ஊர்மக்கள் ஒன்றுபட்டு ஒத்துழைத்தபடியால்தான் எல்லாம் அமைதியாக நடந்தது, அந்தோனியாருக்கு நன்றி என்றார். கொடியைப் பார்த்து நின்ற அவருக்கு நேர் பின்னால், பத்துப் பாகத் தூரம் தள்ளி, நிறஞ்சலா கைகூப்பிக்கொண்டு நின்றாள். எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். ஒவ்வொரு முக்காடாகத் திரும்பியது. ஒருத்தியும் தள்ளி நிற்கவில்லை. ஒருத்தி மட்டும், எப்ப வந்தனீ என்று சந்தையில் கண்டதுபோலக் கேட்டாள். வெட்கம் என்றால் அது வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் சேமக்காலைக்குப் போனாள். தனியாகப் போவேன் என்றாள், விட்டேன். காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லையாம். ஒரு பால்மாத் தகர ரின்னைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பவும் போய், அதற்குள் வைத்துக் கொளுத்திவிட்டு வந்தாள்.

ஏழரைக்கு அவளுடைய பலகையைக் கழுவி, அதன்மேல் கிளினிக் கொப்பியை வைத்தோம். கடைசிப் பக்கத்தில் அவள் சொல்ல நான் எழுதினேன். இரண்டு இரவு தொடர்ந்து நித்திரை வராவிட்டால் எனக்கு வருத்தம் தொடங்குகிறது. உப்புப் போட்ட மீனைத் திரும்பத் திரும்பக் கழுவினால் வருத்தம் தொடங்குகிறது. அப்போது சுவேதினிக்குச் சொல்லவேண்டும். என்னை வாட்டில் சேர்ப்பதானால் டொக்டர் என்னோடு கதைத்துவிட்டுச் சேர்க்கவேண்டும். பெருநாள் ஒரு வருத்தம் அல்ல. என் வீட்டில் யாராவது செத்தால் எனக்கு அன்றைக்கே சொல்லவேண்டும். எழுதி முடித்ததும் அவள் கொப்பியை வாங்கி முழுவதும் வாசித்தாள். ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னாள், திருத்தினேன். கையெழுத்து வைத்தாள். நானும் வாசித்துவிட்டு வைத்தேன்.

பஸ்ரியன் கடலால் வந்து, ஈரச் சாரத்தோடு வளவுக்குள் நுழைந்தான். தங்கச்சியைக் கண்டும் காணாததுபோல உள்ளே போகப் பார்த்தான். நான் கூப்பிட்டேன். பேனையைப் பார்த்ததும், எந்த இடத்தில் வைக்கவேண்டும் அக்கா என்று கையை நீட்டினான். முதலில் வாசி என்றேன். கண் தெரியாது என்றான். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். கிறேஸ் தேத்தண்ணிக் கேத்திலைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றாள்.

அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். ‘என் வீட்டில் யாராவது செத்தால்’ என்ற இடத்தில் நிறுத்தினான். நிறஞ்சலா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவள், நிமிராமல், “வாசியுங்கோ அண்ணை” என்றாள். வாசித்து முடித்தான்.

“இன்னொருக்கா.”

முதலிலிருந்து இன்னொருக்கா வாசித்தான். பிறகு கையெழுத்து வைத்துவிட்டு, கண்ணாடியை என்னிடம் தந்து, கூடையிலிருந்த மீனை அவளுடைய பலகையில் கொட்டினான். அவள் முதல் மீனின் தலையை உள்ளங்கையால் அழுத்தி, முதுகால் கீறினாள்.